இரண்டு சாண் தூரம்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

"அன்புள்ள" என்றுதான் ஆரம்பித்தேன். பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன். நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

அம்மா போன மறுவாரமே உன் போன் எண்ணை பிளாக் பண்ணி அடைத்துவிட்டேன். பதினாலு மாசம் ஆகியும் அதைத் திறக்க எனக்கு மனசில்லை. அதனால் கடிதம். இதில் ஒரு வசதி, நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்ப கோல்ஃப் ஆடப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. எங்கள் ஊர் நகராட்சி மைதானம் உனக்குத் தெரியும், ஒன்பது குழி மைதானம்தான். அங்கே பெண்களுக்கு ஒரு பயிற்சியாளர் எடுக்கிறார்கள். போன பயிற்சியாளர் வாயாலேயே ஆடிவிட்டுப் போனாராம். அதனால் இந்த முறை விண்ணப்பிக்கிறவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, ஜெயிக்கிறவருக்குத்தான் வேலை என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆட்டம் ஜூன் கடைசி ஞாயிறு.

எனக்கு நாற்பத்தொரு வயசு. கண்ணாடிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறேன். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் விரல்நுனி எல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். இப்படியே கிழவியாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்கென்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஆட்டம் மட்டும்தான். அது எனக்குத் திரும்ப வேண்டும்.

நான் கோப்பை வாங்கின வருஷம் நீ எடுத்த வீடியோக்கள் உன்னிடம் இருக்கின்றன. அவற்றை அனுப்பு. உன் அறிவுரை வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

தங்கை


பிப்ரவரி 21

பொடிசுக்கு,

நலம். நீ அடித்த "அன்புள்ள" காகிதத்தின் பின்பக்கம் அச்சாகப் பதிந்திருக்கிறது. கோபத்தைப் பேனாவில் காட்டுகிற பழக்கம் உனக்குப் போகவில்லை.

வீடியோவை அனுப்ப மாட்டேன். அதில் ஆடுகிறவளுக்கு முப்பத்து மூன்று வயசு. அவளைப் பார்த்து நீ ஆடுவது, பள்ளிக்கூடத்துச் சட்டையை இன்றைக்குத் தலைவழியாக மாட்டுகிற மாதிரி. கழுத்தோடு நிற்கும்.

விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களை, நான் சொல்லிக்கொடுக்கிற மைதானத்தில் வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். முதல் நாளே பையிலிருந்து நீளமான மட்டையை உருவுவார்கள். பழைய தூரம் போகிறதா என்று பார்க்க வேண்டும் அவர்களுக்கு. நீயும் அதையே செய்வாய். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடப்பாய். இடைவெளியில் முதலில் கெட்டுப்போவது கை இல்லை, பொறுமை.

ஆறு வாரத்துக்குப் பெரிய மட்டையைத் தொடாதே. சின்ன இரும்பு மட்டை, இடுப்புக்கு இடுப்பு பாதி வீச்சு, அவ்வளவுதான். வாளிப் பந்தையும் மளமளவென்று அடித்துத் தள்ளாதே. ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று எங்கே போக வேண்டும் என்று பார்த்துவிட்டு அடி. மீதி நேரம் குழிக்குப் பக்கத்தில் நின்று உருட்டு.

செய்ய மாட்டாய். சொன்ன பேச்சைக் கேட்டால் சின்ன வயசிலிருந்தே உனக்குக் காய்ச்சல் வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மட்டையைக் குறை சொல்லி, மைதானத்தைக் குறை சொல்லி, கடைசியில் என்னைக் குறை சொல்லி ஒரு கடிதம் வரும். காத்திருக்கிறேன்.

இன்னொன்று. "ஒன்பது குழி மைதானம்தான்" என்று ஏன் உதட்டைப் பிதுக்குகிறாய்? அந்த வேலை யாருக்குக் கிடைத்தாலும் நல்ல வேலைதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நலம். கடிதத்தைக்கூட டைப் அடித்து அனுப்புகிறாய், ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி. கூடப் பிறந்தவளுக்கு நாலு வரி கையால் எழுத உனக்கு நேரமில்லை. சந்தோஷம்.

உன் அறிவுரையைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நாள் பயிற்சித் திடலில் நடந்ததைச் சொன்னால் உனக்கு ஒரு வாரம் தூக்கம் நன்றாக வரும், அதனால் சொல்கிறேன். பந்து மட்டையின் கழுத்தில் பட்டு, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பல் டாக்டரின் காலடியில் போய் விழுந்தது. இரண்டாவது பந்து நாலு அடி உருண்டது. மூன்றாவதில் பந்து அப்படியே இருந்தது, புல்தான் பறந்தது. பந்து வாளி கொடுக்கிற பெரியவர் என்னை அடையாளம் கண்டுபிடித்து எழுந்து வந்தவர், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது பரவாயில்லை. பாதி வீச்சில் பத்துக்கு ஏழு நேராகப் போகிறது. முழுசாக வீசினால்தான் பந்தின் மண்டையில் பட்டுத் தரையோடு ஓடுகிறது. ஏனென்று தெரியவில்லை. கையில் தப்பில்லை. கண்ணிலும் தப்பில்லை, கடையில் பரிசோதித்துக்கொண்டேன்.

நீ எப்படி ஆடுகிறாய்? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. நான் ஏழு வருஷம் அம்மாவோடு அறைக்குள் கிடந்தபோது நீ பச்சைப் புல்லில் நடந்துகொண்டிருந்தாய். சாவுக்கு வந்தவள் இரண்டே நாள் தங்கினாய், கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. விருந்தாளிகூட ஒரு தம்ளர் எடுத்து வைப்பாள்.

குளிர்காலம் முடிகிறது. ஜாக்கிரதை.

தங்கை


மார்ச் 19

பொடிசுக்கு,

நலம்.

என் அறிவுரையைக் குப்பையில் போட்டவளுக்குப் பாதி வீச்சில் பத்துக்கு ஏழு நேராகப் போகிறது என்று எப்படித் தெரிந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் உனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

முழு வீச்சில் ஏன் மண்டையில் படுகிறது என்று எழுத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. நான் ஜோசியம் பார்ப்பவள் இல்லை. யாரையாவது விட்டு வீடியோ எடுத்து அனுப்பு. முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. வேண்டாமென்றால் தரையோடு ஓட்டிக்கொண்டிரு, புல்லுக்கு நல்லது.

சாவுக்கு வந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நலம். மெமரி கார்டு இதோடு இருக்கிறது. வாளிக்காரப் பெரியவர்தான் எடுத்தார். "மூச்சை இழுத்துப் புடிச்சுக்கிட்டு அடிக்காதம்மா, படம் ஆடுது" என்றார். நான் மூச்சைப் பிடித்தால் அவர் கை எப்படி ஆடும் என்று எனக்குப் புரியவில்லை.

அதில் நான் அடித்த பதினொரு அடி இருக்கிறது. பதினொன்றும் கேவலம். பார்த்துச் சிரி, ஆனால் பதில் எழுது. மூன்று மாசம்கூட இல்லை. கடையிலிருந்து நேராகத் திடலுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். முன்னேற்றம் ஒன்றையும் காணோம். இதுவும் போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சலாக இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறாயா? கார்டு அனுப்பி இருபத்தைந்து நாள் ஆகிறது. வழக்கம்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினபோதும் இப்படித்தான் மாசக்கணக்கில் வாயை மூடிக்கொண்டாய்.

பதில் வேண்டாம். கார்டை மட்டும் திருப்பி அனுப்பு, அது பெரியவருடையது.

தங்கை


மே 6

பொடிசுக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

பதினொன்றையும் பார்த்தேன். எத்தனை தடவை என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை. உன் கையில் தப்பில்லை, நீ சொன்னது சரி. மட்டை கீழே வரும்போது உன் முழங்கால் இரண்டும் மடிகிறது, பின்பக்கம் இறங்குகிறது, பாதம் இரண்டும் தரையை அழுத்துகிறது. அப்புறம் மொத்த உடம்பும் நேர் மேலே எழும்புகிறது. நீ எழும்பின அளவுக்கு மட்டையும் எழும்புகிறது, பந்தின் மண்டையை உரசிக்கொண்டு போகிறது.

நீ பந்தை அடிக்கவில்லை. யாரையோ கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறாய்.

இதை நிறுத்த முயற்சி செய்யாதே. ஏழு வருஷம் பழகின உடம்பு ஏழு வாரத்தில் மறக்காது. மறக்கச் சொல்லி அதோடு சண்டை போட்டால் இருக்கிற பாதி வீச்சும் போய்விடும். இப்படிச் செய். முதலிலேயே நன்றாக உட்கார்ந்த மாதிரி நில். பந்துக்குக் கொஞ்சம் கிட்டே வா. மட்டையைக் கடைசி நுனியில் பிடி, எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவும். பிறகு எழும்பு. உடம்பு மேலே போகிற அளவுக்கு மட்டையின் நீளம் கீழே எட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும். குழிக்குள் விழுகிற பந்துக்கு அழகு தெரியாது.

நீ இடுப்புவலி என்று எங்கேயும் எழுதவில்லை. வீடியோவில் ஒவ்வொரு அடிக்கும் பிறகு இடது இடுப்பில் கை வைக்கிறாய். டாக்டரிடம் காட்டு.

கார்டு உள்ளே இருக்கிறது.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்து ஒரு வாரம் அதைத் திறந்து திறந்து படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. தொலைவில் உட்கார்ந்துகொண்டு என் உடம்பைப் படம் பிடித்துச் சொல்ல நீ யார் என்று.

சொல்கிறேன், கேள். அம்மா இரண்டு கையையும் என் கழுத்தில் கோத்துக்கொள்வாள். அவள் முழங்காலை என் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொள்வேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எழும்புவேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. அவளால் ஒரு அங்குலம்கூட எழும்ப முடியாது, ஆனாலும் எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடிப்பாள். நானும் அதே நேரத்தில் இழுத்துப் பிடிப்பேன்.

நீ சொன்ன மாதிரி நின்று அடித்தேன். இருபதாவது பந்தில் சத்தம் மாறியது. ஏழாம் நம்பர் இரும்பில் நூற்று முப்பது கெஜம், நேர்க்கோடு. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து, "இப்பத்தான்மா நீ வந்திருக்க" என்றார். நேற்று ஒன்பது குழியும் ஆடினேன். மொத்தம் நாற்பத்தொரு அடியில் முடித்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் முப்பத்தெட்டிலேயே முடிப்பேன், இருந்தாலும் நாற்பத்தொன்று! வீட்டுக்கு நடந்துதான் வந்தேன், பஸ்ஸில் உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவும் காலையில் எழுதினது. நன்றி என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மைதானத்துக்குக் கிளம்பிப் போனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன்.

செயலாளர் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டே பேருதான்மா கடைசியில நிக்கிறீங்க. இன்னொருத்தவங்க பெரிய மைதானத்துல இருபது வருஷம் சொல்லிக்குடுத்தவங்களாம், பாத்து ஆடுங்க" என்று மேஜைமேல் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். உன் போட்டோ.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது உனக்காகவே சொன்னதுதான். அம்மாவைத் தூக்க ஆள் வேண்டியிருந்தபோது உனக்கு இந்த ஊருக்கு வழி தெரியவில்லை. வேலை என்றதும் வழி தெரிந்துவிட்டது. மேலே "அன்புள்ள" என்று எழுதினதை அடிக்காமல் விடுகிறேன். நான் எவ்வளவு முட்டாள் என்று நீ பார்க்க வேண்டும்.

தங்கை


ஜூன் 3

பொடிசுக்கு,

நலம்.

ஆமாம். நான் விண்ணப்பித்தது ஜனவரியில். உன் முதல் கடிதம் வந்தது பிப்ரவரியில். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தப்பென்று தெரிந்தேதான் சொல்லவில்லை.

விலக மாட்டேன். இங்கே என் வேலை மார்ச்சோடு முடிந்துவிட்டது, எனக்கும் ஒரு இடம் வேண்டும். நான் விலகி நீ சேர்ந்தால், "அக்கா போட்ட பிச்சை" என்று ஆயுசுக்கும் என்னையே திட்டுவாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு ஏன் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்பாய். மண்டையில் அடித்துத் தரையோடு ஓட்டுகிறவளை ஜெயித்து நான் என்ன செய்வது?

இருபத்தெட்டாம் தேதி பார்க்கலாம். மழை வரும் என்கிறார்கள், கைக்குட்டை இரண்டு வைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நலமா? ஆட்டம் முடிந்ததும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக பஸ்ஸுக்குப் போய்விட்டாய். செயலாளர் உனக்கும் டீ வாங்கி வைத்திருந்தார். அதனால் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நீ நன்றாக ஆடினாய். நீளமான அடி எல்லாம் கோடு கிழித்த மாதிரி. மூன்றாம் குழியில் மரத்தை வளைத்துக்கொண்டு போட்டாயே, கமிட்டிக்காரர்கள் வாய் பிளந்துவிட்டார்கள். இவளை எங்கே ஜெயிப்பது என்று நினைத்தேன்.

பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தால் எதிராளி "எடுத்துக்கோ" என்று சொல்லிவிடுவது வழக்கம். உள்ளே போட்டதாகவே கணக்கு. நம் இரண்டு பேருக்கும் அது வாய்ப்பழக்கம். முதல் ஆறு குழியில் நாலு தடவை சொல்லியிருப்பேன், யோசிக்காமலே. ஏழாம் குழியில் செயலாளர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என் குரலுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் குனிந்தாய். அப்போதுதான் உன் கையைப் பார்த்தேன். தையல் மெஷின் ஊசி மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. உடனே "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று கத்திவிட்டேன்.

எப்போதிலிருந்து அக்கா? தூரத்து அடிக்கு ஒன்றும் ஆவதில்லை, சின்னதற்கு மட்டும் வருகிறதா? அதனால்தான் வேலையை விட்டு எடுத்தார்களா?

ஒன்பதாம் குழிக்கு வரும்போது சமம். நான் ஐந்தாவது அடியில் உள்ளே போட்டுவிட்டேன். நீயும் ஐந்தில் போட்டால் மறுபடி ஒரு குழி ஆட வேண்டும். உன் பந்து இரண்டு சாண் தூரத்தில் கிடந்தது. குருடன்கூட விட மாட்டான். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை. நீ பார்த்துக்கொண்டே நின்றாய், நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். அரை நிமிஷம் இருக்குமா?

நீ ஒரு வார்த்தைக்காக அரை நிமிஷம் நின்றாய். "வர்றேன்" என்கிற ஒரு வார்த்தைக்காக நான் ஏழு வருஷம் நின்றேன். அந்த அரை நிமிஷமும் அதுதான் என் மனசில் ஓடியது.

பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே போனபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை. வரும் வரும் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன். வேலை கிடைத்துவிட்டது, கண்ணாடிக்கடையில் சொல்லிவிட்டேன், சந்தோஷமாக இருக்கிறேன். இப்படிச் சந்தோஷமாக இருக்கிறேனே என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிட வேண்டுமென்று இல்லை.

தங்கை


ஜூலை 19

பொடிசுக்கு,

நலம். வேலையில் சேர்ந்திருப்பாய். நீ ஜெயித்தது நியாயமான ஆட்டம். "எடுத்துக்கோ" என்று சொல்லியே ஆக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் அதற்காக உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

கூப்பிட மாட்டேன். பேச்சில் நீ எப்போதும் என்னை ஜெயித்துவிடுவாய்.

கை எப்போதிலிருந்து என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். சொன்னால் அம்மா படுத்த வருஷத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய், கடைசியில் என்மேல் இரக்கப்படுவாய். உன் கோபம் எனக்குப் பழகிவிட்டது. அது இருக்கட்டும்.

மூன்றாவது வருஷம் ஒரு நாள் வந்தேன். உனக்குத் தெரியாது. வாசல் கதவு வரைக்கும் வந்துவிட்டேன், பையில் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு, தங்குகிற எண்ணத்தோடு. ஜன்னல் திறந்திருந்தது. நீ அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வந்திருந்தால், "ஒரு பக்கம் பிடி அக்கா" என்றிருப்பாய்.

அப்போதே துடிக்க ஆரம்பித்திருந்த என் கையைப் பார்த்தேன். கதவைத் தட்டவில்லை. அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது.

அக்கா